அத்தானின் சுவீடன் கதிரைகள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு ஹோல். அக்காவின் கணவரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பெரிதாகப் பிடிக்காது. ஆனால் அத்தானை மனதார இளக்காரமாக நினைக்கத் தொடங்கியது அவருக்கு ரசனை வந்த பிறகுதான்.

அந்த ரசனை அவர் வேலை செய்த பொதிக் களஞ்சியத்தின் மேலாளர் வீட்டிலிருந்து வந்தது. மேலாளரின் பிறந்தநாளுக்குப் போய் வந்தவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே கிடந்த பழைய சுவீடன் சாய்வுக் கதிரைகளைப் பற்றியே ஒரு கிழமை பேசினார். ஐம்பதுகளில் கையால் செய்தவையாம். ஓக் மரமாம். கைப்பிடியைத் தடவினால் விடவே மனம் வராதாம். மரத்துக்கும் உயிர் உண்டென்று மேலாளர் அதில் சாய்ந்தபடி சொன்னாராம். போன மாரியில் அத்தானுக்கு முதுகு பிடித்து நிமிர முடியாமல் கிடந்தபோது ஒரு நாள் லீவு கொடுக்க மறுத்தவர் அதே மேலாளர்தான். மரத்தின் உயிரில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

அடுத்த மாதமே அத்தான் பழஞ்சாமான் சந்தையிலிருந்து அதே மாதிரி இரண்டு கதிரைகளைக் கொண்டு வந்து இறக்கினார். ஒன்றில் சுருள்கம்பிகள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றன. மற்றதில் யாரோ வளர்த்த நாயின் மணம். நானும் அவருமாக மூன்று மாடி தூக்கினோம். ஹோலில் இடம் போதாது என்று, நன்றாக இருந்த சோபாவை கெல்சென்கிர்ச்சனில் இருந்த தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

"இருக்கிறதுக்கு என்ன செய்யிறது?" என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்சம் பொறும். பழைய முறையிலை நானே திருத்துறன். உது கடையிலை வாங்கிற சாமான் இல்லை."

அந்தப் பழைய முறையைக் கற்கத் தளபாட வேலை சொல்லித்தரும் மாலை வகுப்பொன்றில் சேர்ந்து இரண்டு தரம் போனார். அதன் பிறகு தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றார். இருக்கைக்குள் அடைக்கக் குதிரை மயிர், சணல் பட்டி, பசை, இறுக்கிப் பிடிக்கும் இரும்புகள் என்று ஹோல் நிறைந்தது. மரத்தூள் சோற்றிலும் விழுந்தது. வந்த விருந்தாளிகள் நின்றபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டு மரப்பொருத்து என்றால் என்ன, ஆணியே இல்லாமல் கதிரை எப்படி நிற்கிறது என்று பாடம் கேட்டார்கள். அவர் ஒட்டிய பொருத்துகள் எல்லாம் கிழமைக்கொரு தரம் ஏன் கழன்றன என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருக்கையின் அடிப்பலகையில் சுவீடனில் செய்தது என்று சுட்டுப் பதித்த முத்திரை ஒன்று இருந்தது. அது சுவீடன் கதிரைதான் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை அத்தான் மரம் தேய்க்க இரவல் வாங்கிய மின்சாரத் தேய்ப்பானால் இரண்டு கதிரைகளின் முத்திரையையும் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிட்டார். நான் சொன்னபோதுதான் கவனித்தார். முகம் கறுத்தது. பிறகு, தெரிந்தவனுக்கு முத்திரை தேவையில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார். அன்று என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு நின்றது அடுத்த மாரியில். அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தாள். வேலை முடிந்து வந்தால் சுவரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருப்பாள். அப்படியே ஒரு வருடம் போயிருந்தது. ஒரு பின்னேரம் அவளுக்குக் குனிந்து நிலத்தில் இருக்கக்கூட ஏலவில்லை. திருத்தி முடிந்துவிட்டதாக அத்தான் சொன்ன கதிரையில் போய் இருந்தாள். பட்டி அறுந்து, இருக்கை உள்ளே போய், கதிரை பக்கவாட்டில் சரிந்தது. அக்கா நிலத்தில் கிடந்தாள். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து நானும் ஓடிவந்தேன், குளியலறையிலிருந்து அத்தானும் ஓடிவந்தார்.

"காலைப் பாரும், கால் உடைஞ்சிட்டுதோ?" என்றார்.

அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்து, காற்சட்டையை மேலே சுருட்டித் தன் முழங்காலைக் காட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போய்க் கதிரையின் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவளுடைய முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவில் நகரசபை லொறி பெரிய கழிவுச் சாமான்களை எடுக்கும் நாள். அத்தான் காலை வேலைக்குப் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு கதிரைகளையும் இறக்கி, அயலவர்களின் பழைய மெத்தைகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். லொறி வரும் முன்பே வான் ஒன்று நின்றது. இறங்கிய ஆள் கதிரைகளைக் கவிழ்த்துப் பார்த்து, உண்மையாகவே எறிகிறீர்களா என்று ஜெர்மனில் கேட்டார். கொண்டு போகச் சொல்லிவிட்டு அக்கா மேலே ஏறினாள்.

பின்னேரம் அத்தான் வந்தார். வெறும் ஹோலைப் பார்த்தபடி சப்பாத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கை கழுவிச் சாப்பிட்டார். நான் ஒரு பெரிய சண்டையை ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன். கோபிக்கக்கூடத் தைரியம் இல்லாத மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அத்தானின் தம்பி வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். எங்கள் பழைய சோபாவில் இருந்தபடி யாரோ கதிரைகளை விசாரித்தார்கள். அத்தான் தயங்கவேயில்லை.

"ஒரு மியூசியத்திலை இருந்து ஆக்கள் வந்து கேட்டவை. குடுத்திட்டன். அப்பிடிப்பட்ட சாமானை வீட்டிலை வைச்சிருக்கிறது சரியில்லை."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஓம், ரெண்டு பேர் வந்து பவுத்திரமாத் தூக்கிக்கொண்டு போனவை" என்றாள்.

எனக்கு அவள்மேலும் வெறுப்பு வந்தது. வீடு திரும்பும் ரயிலில் அத்தான் தூங்கிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவர் எனக்கு முன்னாலை பொய் சொல்லிப்போட்டுப் பயந்துபோய் என்ரை முகத்தைப் பார்த்தவர். நீ அதைப் பார்க்கேல்லை" என்றாள் அக்கா. "எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

எனக்கு அது போதவில்லை. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா தானே கடைக்குப் போய் ஒரு சோபா வாங்கினாள். சாம்பல் நிறம், சாதாரணச் சாமான். அது வந்து இறங்கிய அன்று அத்தான் மெத்தையை விரலால் அமத்திப் பார்த்து, உள்ளே எல்லாம் பஞ்சுதான், கைவேலை என்று ஒன்றுமே இல்லை என்று நீளமாக விளக்கினார். அக்கா காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். அவர் விளக்கத்தை நிறுத்தவில்லை.