பூஜ்யமாகிப்போன பேரெண்

அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்தவள் நான்தான். வேறு யாருமில்லை!

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் வாக்குமூலம் அல்ல இது. நான் வென்ற கதையும் இதுவேதான். அதனால்தான் இத்தனை காலம் வாய் திறக்க மனம் வரவில்லை.

புனேயில், தொழிற்சாலை இயந்திரங்களுக்கான கம்பைலரை உருவாக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதன் வாசலில் நிற்கும் ப்ரீபிராசஸர் என் பொறுப்பு. எந்த வரிகளை உள்ளே விடுவது, எவற்றை நீக்குவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது அதுதான். நிபந்தனை உண்மையானால் வரிகள் இருக்கும். பொய்யானால் எழுதிய சுவடே இல்லாமல் போகும்.

எண்களைக் கணக்கிட அதற்கு அறுபத்து நான்கு பிட் இடம் உண்டு. அதில் கொள்ளாத எண் வந்தால்? மேல்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும். வெட்டும்போது ஓர் எச்சரிக்கையாவது தர வேண்டும். தந்துகொண்டுதான் இருந்தது... நான் நிறுத்தும்வரை.

ஏன் நிறுத்தினேன்? வடாபாவுக்காக! சிரிக்காதீர்கள். எவருடைய பகுதியைச் சோதிக்கும்போது திரையில் எச்சரிக்கை வருகிறதோ, அவர் மாலையில் எல்லாருக்கும், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவ் வாங்கித் தர வேண்டும். அலுவலக வழக்கம் அது. நான் ஒருமுறைகூட வாங்கியதில்லை. அந்தக் கர்வத்தில் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஒருநாள் சோதனைக்கென்றே யாரோ ராட்சத எண்களைப் போட்டு வைக்க, எச்சரிக்கை மேல் எச்சரிக்கை! ஒரே ஒரு வரியை மாற்றினேன். திரை சுத்தம். அன்றும் நான் வாங்கவில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் தோழி ஸ்டெல்லா, புனேயின் கேம்ப் பகுதித் தமிழ்ப் பெண், தளேகாவ் தொழிற்சாலை ஒன்றின் அழுத்து இயந்திரத்துக்கு எங்கள் கம்பைலரைக் கொண்டே நிரல் எழுதினாள். உச்ச வரம்பைக் குறிக்கும் எண், ஒன்றை அடுத்துப் பூஜ்யங்களாகவே நீளும், பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண். அதில் பூஜ்யம் ஒன்றைக் கூடுதலாகத் தட்டிவிட்டாள். இடம் கொள்ளாமல், முன்னால் நின்ற அந்த ஒன்று என்ற இலக்கத்தை ப்ரீபிராசஸர் வெட்டியது. மிஞ்சியது வெறும் பூஜ்யம்! அந்த எண் பூஜ்யமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை; அது பொய்யாயிற்று. பாதுகாப்புக் கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய வரிகள் சத்தமில்லாமல் காணாமற்போயின.

சோதனை ஓட்டத்தில் கதவைத் திறந்த ஆபரேட்டர், இயந்திரம் நிற்காததைக் கண்டு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தப்பியது கை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கத் துணிவும் இல்லை.

"அரே, அந்த ஆளு கை போயிருந்தா? நாளைக்கு மீட்டிங்ல என்னைத் தூக்கிடுவாங்கடி, பக்கா" என்று ஸ்டெல்லா அழுதாள்.

தூக்க விடுவேனா? அவள் நிரலைப் பிரித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, குற்றவாளி யாரென்று. மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எண் கொள்ளாவிட்டால் இனி வெறும் எச்சரிக்கை அல்ல, பிழை என்றே அறிவித்து அங்கேயே நின்றுவிடும்படி மாற்றியிருந்தேன். அவளுடைய அதே நிரலை எல்லார் முன்னாலும் ஓட்டினேன். நின்றது! அந்த வரியையே சுட்டிக்காட்டி, சிவப்பெழுத்தில் நின்றது!

"கம்பைலரே சொல்லாதபோது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அடடா, என்ன கம்பீரம்! மேலாளர் எழுந்து கைதட்டினார். ஸ்டெல்லாவின் வேலை தப்பியது. இனி அப்படி எந்த வரியும் சத்தமில்லாமல் காணாமற்போகாது. அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இனிக்கிறது; பொய் சொல்ல மாட்டேன்.

பொய்யை அன்றே சொல்லிவிட்டேனே... "பழைய பதிப்பில் இருந்த ஓட்டை" என்றேன். யார் போட்டது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை!

அன்று மாலை, யாரும் கேட்காமலேயே ஸ்டெல்லா எல்லாருக்கும் வடாபாவ் வாங்கி வந்தாள். முதலாவதை, வறுத்த மிளகாயோடு, என்னிடம் நீட்டினாள்.

"எடு, மொதல்ல நீதான். உன்னாலதான்டி நான் இங்க இருக்கேன்."

வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்றும் பக்கத்து மேசையில்தான் அமர்ந்திருக்கிறாள். இன்றுவரை, நான் யாருக்கும் ஒரு வடாபாவ் வாங்கித் தந்ததில்லை.