முன்னால் மங்கலாக நாலு கல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொள்ளிடத்து மணலில் ஓர் ஆள்காட்டிக் குருவியைப் படம் பிடித்தேன். ரிட்டயர் ஆனபின் எடுத்ததிலேயே பெஸ்ட் என்று நினைத்தேன்... வீடு வந்து சேரும்வரை.

லென்ஸோடு கன்வர்ட்டரையும் மாட்டியிருந்தேன். தூரத்துப் பறவையை இழுத்துக் கொடுக்கும். பதிலுக்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஆகவே வெளிச்சம் நுழைகிற அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தேன். போதாதென்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனேன். இத்தனையும் செய்தால் படத்தில் தெளிவாக விழுகிற ஆழம் நாலு விரற்கடைதான். அதனாலென்ன? பறவையின் கண் கூர்மையாக இருந்தால் போதும் — எங்கள் போட்டோ குழுவின் வேதம் அது.

குருவி விடாமல் கத்தியது. அலகு திறந்த போஸ்! அரைமணி நேரம் நானும் நகரவில்லை. காமிராத் திரையை செல்போனில் படமெடுத்து, மணலிலிருந்தே குழுவுக்கு அனுப்பியும் விட்டேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். மனைவி குருவியைப் பார்க்கவே இல்லை.

“ஏங்க, முன்னாடி மங்கலா என்னது?”

“கல்லு.”

“நாலும் ஒரே சைஸ்லயா? யாரு அடுக்கி வெச்சாங்க?”

கிட்டே போவதற்கு முன், கரையிலிருந்து எடுத்த முதல் படத்தைத் திறந்தேன். அதில் ஆழம் இருந்தது. முட்டைகள்!

“அது போஸ் குடுக்கலீங்க. உங்களைப் போகச் சொல்லியிருக்கு” என்றாள்.

ஆள்காட்டி வெறும் மணலில் முட்டையிடும் என்று எனக்குத் தெரியாதா? நாலு பேருக்கு லெக்சரே அடித்திருக்கிறேன். ஆனால், ஃபோகஸ் பண்ணும் மும்முரத்தில் நினைவே வரவில்லை. என்னால் அந்த முட்டைகள் அரைமணி நேரம் வெயிலில் கிடந்தன. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் விடியும்போதே போய்க் கரையோடு நின்றுவிட்டேன். கன்வர்ட்டர் இல்லை, ஆழம் கிடைக்க அப்பர்ச்சரைச் சுருக்கியிருந்தேன். குருவியைக் காணோம். விட்டுவிட்டுப் போய்விட்டதா?

வந்தது. உட்கார்ந்தது. சற்றுப் பொறுத்து எழுந்து, முட்டைகளை அலகால் புரட்டிவிட்டது. ஒரே கிளிக். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனால் குருவியும் தெளிவு, நாலு முட்டையும் தெளிவு.

அதைத்தான் குழுவின் கண்காட்சிக்கு அனுப்பினேன். ஏற்பாட்டாளர் சேகர் உடனே போன் போட்டார்.

“அண்ணே, கிட்ட எடுத்ததை அனுப்புங்க. முன்னாடி மங்கலை கிராப் பண்ணிட்டா ஒருத்தருக்கும் தெரியாது.”

“அதை அழிச்சிட்டேன்.”

“அடப் போங்கண்ணே! இதுல குருவி புளியங்கொட்டை சைஸ்ல இருக்கு. யாரு பார்ப்பா?”

“கிட்ட வந்து பார்க்கச் சொல்லுங்க. படத்துக்குக் கிட்ட வரலாம், தப்பில்ல.”

“செலக்ட் ஆகாதுண்ணே.”

“ஆக வேணாம்.”

இப்போது குழுவில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள் — கொள்ளிடத்தில் எந்த இடம்? மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். வயதானதில் இப்படியும் ஒரு சௌகரியம்!