ஆளுக்கு ஒரு உருண்டை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்தது இது. அப்போது புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். ராணிப்பேட்டையிலிருந்து வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான், மனைவி, ஐந்து வயது மகள் மூன்று பேரும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம்.

அந்த ஆடி மாதம் எங்கள் இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பையன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நிறுத்தியே விட்டாள். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஊரிலிருந்து வந்த மாமியார் கொஞ்ச நாள் இருந்து, அவரும் அழுது பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சமையலை நான் பார்த்துக்கொண்டேன். அந்த வருஷம் தீபாவளி இல்லை என்று சொல்லாமலே முடிவாகியிருந்தது.

மகளுக்கு அது எப்படிப் புரியும்? பிம்ப்ரியில் எங்கள் பகுதியில் தீபாவளிக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் மைதா, நெய், சர்க்கரையை வீட்டிலேயே பிசைந்து டப்பாவில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள். அங்கே தட்டு கொடுப்பார்கள். உருட்டி அடுக்கிக் கொடுத்தால் பேக்கரிக்காரர் தன் அடுப்பில் சுட்டுத் தருவார். நான்கட்டாய் என்று பெயர். வாயில் வைத்தால் உதிர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு அந்த வரிசையில் நிற்பதே திருவிழா மாதிரி.

"எல்லாரும் போறாங்கப்பா. நாம எப்பப் போறோம்?" என்று மகள் தினமும் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே தாங்கவில்லை. மனைவியிடம் போய், "மாவுக்கு எவ்ளோ நெய் ஊத்தணும்?" என்று கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சரி, மாவு பிசைவது பெரிய வித்தையா என்று நானே இறங்கிவிட்டேன். மைதாவைக் கொட்டி, சர்க்கரை போட்டு, கொஞ்சம் நெய்யும் விட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாக அடித்துப் பிசைந்தேன். டப்பா மூட முடியாத அளவுக்கு மாவு. மகள் புது கவுன் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பேக்கரி வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஆண் நான் ஒருவன்தான். எனக்குப் பின்னால் என் வயதையொத்த ஒரு மராட்டிப் பெண். கை நிறையப் பச்சை வளையல். மூடாத என் டப்பாவை எட்டிப் பார்த்தவர், "அஹோ பாவு, போள்யா கர்ணார் கா?" என்றார். சப்பாத்தி போடப் போறீங்களா அண்ணா என்று அர்த்தம். வரிசை மொத்தமும் சிரித்தது. நான்கட்டாய் மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம். எனக்கு எங்கே தெரியும்! முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்காரி வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்று மகளின் கையைப் பிடித்தேன்.

அவள் தெருவில் விளையாடிப் பழகிய சரளமான மராட்டியில் பதில் சொல்லிவிட்டாள். எங்கள் பாப்பா செத்துப் போச்சு, அம்மா பேசுவதே இல்லை, அதனால்தான் அப்பா மாவு பிசைந்தார் என்று.

சிரிப்பு நின்றுவிட்டது. எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பச்சை வளையல்காரர் பேக்கரியில் கொடுத்து என் கையில் காலியாக இருந்த தட்டை வாங்கினார். தன் டப்பாவிலிருந்து மாவைக் கிள்ளி, உருட்டி, லேசாக அழுத்தித் தட்டின் ஓரத்தில் வைத்தார். அப்படியே அடுத்தவரிடம் நீட்டினார். அவரும் ஒன்று வைத்தார். தட்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று. புர்கா போட்டிருந்த ஒரு பெண், தான் வைத்த உருண்டையின் மேல் பிஸ்தா ஒன்றையும் பதித்தார். தட்டு வரிசையை ஒரு சுற்று வந்து, நிறையாததால் மறுபடியும் போயிற்று. நான் "நக்கோ, நக்கோ" என்று தடுக்கப் பார்த்தேன். "கப் பஸா, பாவு," என்று பச்சை வளையல்காரர் என்னை அடக்கிவிட்டார். சும்மா இரு என்பதை அத்தனை அன்பாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

சுட்டு எடுத்ததைப் போட என்னிடம் வேறு பாத்திரம் இல்லை. பச்சை வளையல்காரரே தன் டப்பாவைக் கொடுத்து, பேக்கரிக்குப் பின்சந்தில் வீடு, அப்புறம் கொடுத்தால் போதும் என்றார்.

வீட்டில் மகள் ஓடிப்போய் ஒன்றை எடுத்து அம்மாவின் வாயருகே நீட்டினாள். மகளுக்காகத்தான் மனைவி வாயைத் திறந்தாள் என்று நினைக்கிறேன். மெதுவாக மென்றாள். பிறகு அவளாகவே எழுந்து உட்கார்ந்து இன்னொன்றை எடுத்தாள். அதைப் பாதி கடித்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"இதுல ஜாதிக்கா போட்டுக்கீது," என்றாள். குரல் கரகரவென்று வந்தது. "இதுல கடலை மாவு. ஒரே கை செஞ்சது இல்ல இது. யாருங்க செஞ்சாங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், கையில் நான்கட்டாயை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்து, நான் மூலையில் வைத்திருந்த மாவைத் திறந்து பார்த்தாள். "இன்னாங்க இது, சப்பாத்திக்கா பெசஞ்சீங்க?" என்றாள். உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு. "தீபாவளின்னு இல்ல. மாவு வீணாப் போவக் கூடாது," என்று யாருக்கோ சமாதானம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். மாவைத் தேய்த்து, சாய்சதுரமாக வெட்டி, எண்ணெயில் பொரித்து எடுத்தாள். எங்கள் வீட்டில் அதற்குக் கலகலா என்று பெயர். அங்கே சங்கர்பாளி என்பார்கள்.

மறுநாள் அந்த டப்பா நிறையக் கலகலாவை எடுத்துக்கொண்டு, தனியாகவே பின்சந்துக்குப் போனாள். அவளுக்கு மராட்டி அரைகுறைதான். ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதம் வந்தால் இன்றைக்கும் அவள் இரண்டு நாள் சுருண்டு படுப்பாள். ஆனால் வீட்டில் மறுபடியும் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். துக்கம் நடந்த வீட்டுக்குப் போகும்போது என்ன சொல்வது என்று முன்பெல்லாம் தவிப்பேன். இப்போது அந்தக் கவலை இல்லை, சாப்பிட ஏதாவது எடுத்துப் போய்க் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.