தொட்டி என்று எழுதிய குளம்

எங்கள் குளத்தை ‘யாரும் பயன்படுத்தாத’ ஒன்று என்று குடியிருப்புச் சங்கத்தார் எழுதியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சனிக்கிழமை தவறாமல் இருபது, இருபத்தைந்து பெண்கள் போய்வந்த இடம் அது. ‘யாரும்’ என்று எழுதும்போது அந்தக் கணக்கில் நாங்கள் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

விருத்தாசலத்தில் எங்கள் குடியிருப்பு ஒரு பீங்கான் ஆலைக்காகக் கட்டியது. ஆலை நடந்த காலத்தில் மேலாளராக இருந்தவர் வெளியூர்க்காரர். அவர்தான் வீடுகளுக்கு நடுவில் ஒரு நீச்சல் குளம் கட்டவைத்தார். அடியிலும் சுவரிலும் ஆலையில் சுட்ட பீங்கான் ஓடுகளையே பதித்தார்கள். பிறகு ஆலை மூடிப்போனது. குடியிருந்தவர்களே வீடுகளை வாங்கிக்கொண்டோம். குளம் குடியிருப்புச் சங்கத்தின் கைக்கு வந்தது. ஆண்கள் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

நானும் பொம்மைப் பட்டறையில்தான் இருந்தேன். அச்சிலிருந்து எடுக்கிற, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும். அதைத் தகட்டால் சீவி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காலை மடக்கி, குனிந்தபடி இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தேன். இடுப்பு போய்விட்டது. வைத்தியம் பார்க்காத இடம் இல்லை. தண்ணீரில் இறங்கினால் மட்டும் அந்த வலி எங்கே போகுமோ தெரியாது, போய்விடும்.

சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை குளம் பெண்களுக்கு. மேலாளரின் மனைவி செய்துவிட்டுப் போன ஏற்பாடு அது. நான் முதலில் இறங்கியபோது எனக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஆற்றில் குளிப்பதுபோல் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு போனேன். இறங்கியதும் பாவாடை குடைபோல் விரிந்து மேலே வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே கரையேறிவிட்டேன். மங்கலம்பேட்டையிலிருந்து வாழ வந்த பாய் வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்து வரிசையில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள்தான் மறுவாரம் தன்னுடைய சுடிதாரைக் கொடுத்துக் கையைப் பிடித்து இறக்கினாள். மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். தண்ணீரில் கழுத்துவரை நின்றால் மட்டும் எனக்குப் பேச்சு வரும். எதிரில் இருப்பவளுக்கும் தலை மட்டும்தான் தெரிகிறது என்பதாலோ என்னவோ.

சுனாமி வந்த வருஷம் குளத்துக்குக் கெட்ட காலம் தொடங்கியது. ‘தண்ணி பக்கமே போவக் கூடாது’ என்று வீட்டுக்கு வீடு ஆண்கள் உத்தரவு போட்டார்கள். கடல் இங்கிருந்து எங்கே இருக்கிறது! கடலூருக்குப் பஸ் ஏறிப் போய்வந்தால் பாதி நாள் போய்விடும். இருந்தாலும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அடுத்தாற்போல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார் எரிந்துபோனது. ஓடுகள் பெயர்ந்தன. பாசி பிடித்தது, தவளை வந்தது. ஆண்கள் வருவதை விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. பாசியை ஒதுக்கிவிட்டு இறங்கினோம்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துச் செயலாளர் ஒரு தாளோடு குழாயடிக்கு வந்தார். அவரும் ஆலையில் வேலை பார்த்தவர்தான். நாங்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம்.

“நல்ல காரியந்தாம்மா. எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்க. தெரியாதவங்க கைநாட்டு வையுங்க” என்றார்.

“என்னா எழுதியிருக்குது, படிச்சுக் காட்டு” என்று பெண்கள் தாளை என்னிடம் தள்ளினார்கள். அங்கே நின்றவர்களில் அஞ்சாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘குடியிருப்பில் யாரும் பயன்படுத்தாத பழைய தொட்டியைப் பாதுகாப்புக் கருதி மண் கொட்டி மூடி, பொதுக் கட்டடம் கட்ட ஒப்புக்கொள்கிறோம்’ என்று இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பீங்கான் வேலை செய்கிறவர்களுக்குத் தொட்டி என்றால் ஒன்றுதான். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுகிற தொட்டி. மூடிப்போன ஆலையின் மண் தொட்டி ஒன்று எங்கள் வீடுகளுக்குப் பின்னால் திறந்து கிடந்தது. மழைத் தண்ணீர் நின்று, மேலே ஏடு கட்டி, தரைபோலவே தெரியும். அதில் ஓர் ஆடு விழுந்து செத்தது. பிறகு ஒரு கன்றுக்குட்டி விழுந்து, கயிறு கட்டித் தூக்கினார்கள். மூடுங்கள் மூடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். குளத்தை நாங்கள் குளம் என்போம். தொட்டி என்று எங்கள் வாயில் வராது.

“ஆடு வுழுந்த தொட்டிய மூடப்போறாங்க. போடுங்க, நல்லதுதான்” என்று சொன்னது நான். முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன். என்னை நம்பி மற்றவர்கள் போட்டார்கள். செயலாளர் பக்கத்திலேயே நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ரொம்ப சந்தோஷம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை போனால் குளத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே கரை நெடுக சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள்.

காவலாளியைக் கேட்டோம். “கல்யாண மண்டபம் வரப்போவுதும்மா. நீங்கல்லாம் கையெழுத்துப் போட்டீங்களாமே?” என்றார்.

மாற்றுத்துணிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மங்கலம்பேட்டைக்காரிதான் வாயைத் திறந்தாள்.

“யக்கா, நீ அஞ்சாவதோட நிறுத்துனது நல்லதாப் போச்சு. பத்தாவது படிச்சிருந்தா எங்க வூட்டையும் சேத்து எழுதிக் குடுத்திருப்ப.”

சிலர் சிரித்தார்கள். எனக்கு மூஞ்சியெல்லாம் எரிந்தது. அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் சங்கத்தில் உறுப்பினர்.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ எங்க கேட்ட?”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “கல்யாணம், காதுகுத்துன்னா டவுனு மண்டபத்துக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கிறோம். நம்ம எடத்துலயே ஒண்ணு வந்தா வாணாங்குதா? அந்தப் பாசித் தண்ணியில தவளையோட தவளையா குளிக்கிறதுக்கு ஒரு கொளம்! மோட்டார் இல்ல, ஒண்ணுமில்ல. குடிக்கவே போர்ல தண்ணி எறங்கிப் போயிடுச்சு.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மண்டபம் வேண்டும்தான். தண்ணீர் கஷ்டமும் உண்மைதான். அதையெல்லாம் எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே? சண்டை போட்டிருப்போம், வாதாடியிருப்போம், கடைசியில் ஒத்துக்கொண்டும் இருப்போம். அதைச் செய்யாமல் குளத்தைத் தொட்டி என்று எழுதி, படிக்கத் தெரிந்த ஒருத்தி வாயாலேயே படிக்கவைத்து வாங்கிக்கொண்டு போனார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நான் எப்போதுமே அதிகம் பேசாதவள் என்பதால் அவருக்கு அது தெரியவே இல்லை. அதிலும் ஒரு கோபம்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றோம். நாற்காலி எல்லாம் ஆண்களுக்கு. செயலாளர் எழுந்து, “தொட்டி விஷயமா தாய்மார்களே மொத ஆளா கையெழுத்துப் போட்டு ஆதரவு குடுத்துட்டாங்க” என்றார். கை தட்டினார்கள். மங்கலம்பேட்டைக்காரி என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

“நீதான படிச்ச? நீதான் பேசணும்.”

ஒரு அடி முன்னால் வந்தேன். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

“தொட்டி வேற, கொளம் வேற.”

முன்வரிசையில் சிரிப்பு. செயலாளரும் சிரித்தார். “ரெண்டுலயும் தண்ணிதானம்மா இருக்குது?”

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் போனது.

“தொட்டியில மண்ணு கரைக்கிறோம். கொளத்துல மனுஷங்க குளிக்கிறோம். நீங்களும் ஆலையில சம்பளம் வாங்குனவங்கதான? ஒங்களுக்கு எது தொட்டின்னு தெரியாதா? ஆடு வுழுந்த தொட்டின்னு நான் சொல்றப்ப ஒங்க காதுல வுழுந்துச்சா, இல்லியா?”

அதற்கு அவர், “ஆபீஸ் தமிழ்ல அப்படித்தான் எழுதுவாங்கம்மா” என்றார்.

“அப்ப கல்யாண மண்டபத்த மட்டும் ஏன் பொதுக் கட்டடம்னு எழுதினீங்க?” என்று பின்னாலிருந்து மங்கலம்பேட்டைக்காரி கேட்டாள். “அதுக்கும் ஆபீஸ் தமிழா?”

கூட்டம் இரைச்சலாகிவிட்டது. ஒருவர், “பொம்பளைங்களுக்கு நீச்சல் எதுக்கு? ஒலிம்பிக்குக்குப் போவப்போறாங்களா?” என்றார். இன்னொருவர், “எங்க வூட்டுல அதும் போவுதா? எனக்குத் தெரியாதே” என்றார். அவர் மனைவி எட்டு வருஷமாக வந்துகொண்டிருந்தவள். பழைய தாளைத் திருப்பிக் கேட்டேன். அது நகராட்சிக்குப் போய்விட்டது என்றார்கள். வேண்டுமானால் நீங்களும் ஒன்று எழுதிக் கொடுங்கள், யார் தடுத்தார்கள் என்றார் செயலாளர். நாங்கள் எழுத மாட்டோம் என்ற தைரியம்.

எழுதினேன். கோடு போட்ட நோட்டில் இரண்டு நாள் எழுதினேன். ‘நாங்கள் மூடச் சொன்னது வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மண் தொட்டியை. சனிக்கிழமை நாங்கள் குளிக்கும் குளத்தை மூடச் சொல்லவில்லை. தொட்டி என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்து கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்து செல்லாது.’ எழுத்துப் பிழை இருந்திருக்கும். பொய் இல்லை.

கையெழுத்து வாங்க நானேதான் வீடு வீடாகப் போனேன். என் வாயால் போன கையெழுத்து, என் காலால்தான் திரும்ப வர வேண்டும். அடுத்த வீட்டில் உப்புக் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். “இந்தத் தடவை சரியாப் படிச்சியா?” என்று கேட்காத வீடு இல்லை. கேட்கட்டும் என்று நின்றேன். இரண்டு வீட்டில் புருஷன் திட்டுவார் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியில் செயலாளர் வீடு. போகலாமா வேண்டாமா என்று தெருமுனையில் நின்று யோசித்தேன். அவர் மனைவியும் சனிக்கிழமைக்காரிதான். வாசலில் செயலாளரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. “அண்ணி இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் படித்து முடிக்கும்வரை கேட்டார். பிறகு கதவின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இவரு தொட்டின்னுதான் எழுதுவாரு. இத்தன வருஷத்துல ஒரு நாளாவது காலு நனைச்சிருந்தாதான் கொளம்னு தெரியும்” என்றார்.

செயலாளர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தாளை நகராட்சியில் மங்கலம்பேட்டைக்காரியும் நானும் போய்க் கொடுத்தோம். அங்கே இருந்தவர் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரே ஆளுங்க மூடவும் சொல்றீங்க, மூட வாணாம்னும் சொல்றீங்க. முடிவு பண்ணிட்டு வாங்க” என்று இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டார். குளத்தையும் மூடவில்லை, மண் தொட்டியையும் மூடவில்லை. இதுதான் நீதி! பின்னால் மண் தொட்டியைச் சுற்றி நாங்களே முள் வெட்டிப் போட்டோம். குளத்துப் பூட்டைச் சங்கம் திறந்துவிட்டது. மோட்டார் மட்டும் சரி செய்ய மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார்கள். மாதம் ஒரு முறை தண்ணீரை இறைத்துவிட்டுப் பாசியைச் சுரண்டியது நாங்கள்தான். செடிகளுக்கும் மரங்களுக்கும் அந்தத் தண்ணீரை விட்டதும் நாங்கள்தான். ‘பெண்கள் பராமரிக்கிறார்கள்’ என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை.

அதற்கப்புறம் தெருவில் பந்தல் போட்டு நடக்கிற ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர் என் காதில் விழும்படி சொல்வார்கள், மண்டபம் வராமல் கெடுத்தது இந்தப் பொம்பளைங்கதான் என்று. தலையைக் குனிந்துகொண்டு இலை போடுவேன்.

என் பேத்தியின் காதுகுத்துக்கும் தெருவில்தான் பந்தல். பந்தி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கீற்று ஒழுகி, சாம்பார் வாளியில் தண்ணீர் சொட்டியது. சொந்தக்காரர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, எல்லாரும் கேட்கும்படி ஆரம்பித்தார். “மண்டபம்னு ஒண்ணு இருந்திருந்தா...”

“நனையட்டும்” என்றேன்.

செயலாளர் இன்னும் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழ வேண்டும் என்று இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.