மாத்திரையும் தயிர்ச்சோறும்

எங்கள் நாய்க்கு இடது கண் நீலம் பாய்ந்து மங்கியபோது, "பூ விழுந்துருக்கு, தானா சரியாயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். நாலு நாள் அவர் பேச்சைக் கேட்டது என் புத்தி. ஐந்தாம் நாள் வலது கண்ணும் சிவந்து, நாய் சோற்றுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே அதை ஆட்டோவில் ஏற்றி, வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறியிருக்குங்க, காய்ச்சலும் அதனாலதான். அதுதான் கண்ணையும் பிடிச்சிருக்கு. சொட்டு மருந்து விடுங்க, நாலு வாரம் மாத்திரை குடுங்க. விட்டுட்டா ரெண்டு கண்ணும் போயிரும். பாலோட மட்டும் மாத்திரையக் குடுத்துறாதீங்க."

சத்தியமாக ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை. மாத்திரை உடம்புக்குச் சூடு என்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அதனால் கட்டித் தயிரில் சோற்றைப் பிசைந்து, உருண்டைக்குள் மாத்திரையைப் பொதிந்து ஊட்டினேன். அதை மட்டும் என் கையை நக்கி நக்கித் தின்றது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் வீட்டில் கிடந்தேன். காய்ச்சலோ விடுவதாக இல்லை. இடது கண் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அந்தம்மாவுக்கு ஒரு எழவும் தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, சண்டை பிடிக்கவே போனேன்.

"நீங்க குடுத்த மாத்திரை தண்டமுங்க."

"எதுல வச்சுக் குடுக்குறீங்க?"

"தயிர்ச்சோத்துலதாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பால் வேணாம்னு சொன்னேன்ல?"

"பாலு எங்கங்க குடுத்தேன்? தயிருதான?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க! மாத்திரைய ஒடம்புல சேரவே விடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தயிர் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் வாய் வலிக்குமா? நாலு நாளைக் கடத்திய மனுஷனை என்ன செய்வது? யாரைத் திட்டியும் ஆறவில்லை. ஊட்டிய கை என்னுடையது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாயைப் பிளந்து மாத்திரையைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிறகு ரசச்சோறு. என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்; இழுத்துப்போட்டுக் கொடுப்பேன். வலது கண் தப்பியது. இடது கண் போனது போனதுதான்.

இன்றைக்கும் தயிர்ச் சட்டியில் கரண்டி படும் சத்தம் கேட்டால் போதும், ஓடி வருகிறது. இடது பக்கம் தெரியாமல் கதவு நிலையில் முட்டிக்கொண்டு, வாலை ஆட்டியபடி என் கையை நக்க வருகிறது.