சீனத்துப் பெண்ணின் கடிதத்தில் ஒரு வரி

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சர் கள்ளக்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இரண்டு நிமிடமும் வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது. மரியாதையால் அல்ல. அவர் கண்ணைத் திறந்தால் இலக்கணம் ஆரம்பித்துவிடும்.

ஒரு கார்த்திகை மாதம் அவர் கையில் பெரிய காக்கி உறையோடு வந்தார். உறை முழுக்கத் தபால்தலைகள். ஏதோ ஒரு பத்திரிகையில் பேனா நண்பர் முகவரி பார்த்து, ஆறு மாதத்துக்கு முன்பு சீனாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டாராம். எழுதியதை அவரே மறந்துவிட்டார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எங்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று முப்பத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் 'மே ஐ கம் இன் டீச்சர்' என்பதைத் தாண்டி ஆங்கிலத்தில் வாய் திறந்தவர்கள் யாரும் இல்லை.

வரிசை எண்படி கடிதங்களைக் கொடுத்தார். எல்லாக் கடிதமும் 'ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்' என்றுதான் ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பெரிய ஆறுதல். எங்களுக்கும் அதுதான் தெரியும். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் முடிந்தது: என் ஆங்கிலம் மோசம், தயவுசெய்து என் பிழைகளைத் திருத்தவும்.

பதிலை டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். எங்கள் ஊர் பச்சை மலைகள் சூழ்ந்த அழகான ஊர். என் அப்பா ஒரு விவசாயி. என் பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பது. கடிதம் கிடைக்காத ஒன்பது பேரையும் சேர்த்து நாற்பத்தியொரு பேரும் அதைப் பார்த்து எழுதினோம். அரையாண்டுப் பரீட்சையிலும் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி வரும் என்பதால் இது அதற்கும் ஒரு பயிற்சி. பரீட்சை முடிந்ததும் ரஃப் நோட்டில் காட்ட வேண்டும், அவர் திருத்திய பிறகு வெள்ளைத்தாளில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

நான் எழுந்து நின்று கேட்டேன். "எங்கப்பா வூட்ல படுத்துகினுதான் இருக்கறாரு டீச்சர். அதுக்கு இன்னா போடறது?"

ஜவ்வரிசி மில்லில் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து அப்பாவுக்கு முதுகு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"விவசாயின்னே போடு. அந்தப் புள்ளைய எதுக்குக் கஷ்டப்படுத்தற."

எனக்கு வந்த கடிதம் ஒரு பெண்ணுடையது. பெயரை எப்படிப் படிப்பது என்று டீச்சருக்கே தெரியவில்லை. "ஒன் ஃப்ரெண்டு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். மற்றவர்களுடைய கடிதங்கள் அரைப்பக்கம்தான். என்னுடையது பின்பக்கமும் போயிற்று. வகுப்புக்கு ஒரே ஓர் அகராதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்று ஆளுக்கு நாலைந்து சொல் பார்த்துக்கொள்ளலாம். அதனால் அந்தக் கடிதம் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு வரி, மூன்று வரி என்றுதான் புரிந்தது.

அப்போது கரும்பு வெட்டுத் தொடங்கியிருந்தது. அம்மா சோகை உரிக்கப் போவாள். காய்ந்த கரும்பிலை கையையும் கழுத்தையும் கிழிக்கும். சாயங்காலம் வந்ததும் மேல் கழுவிக்கொண்டு, எரிச்சல் அடங்கும்வரை வெறுந்தரையில் கொஞ்சநேரம் படுத்துக்கிடப்பாள். முதல் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கடிதத்தைப் பிரித்தேன்.

"இன்னாடி அது?"

"சீனாக்காரப் பொண்ணு எழுதனதும்மா."

"இன்னா சொல்றா?"

"அவ, அவ தம்பி, தாத்தா மூணு பேரும் ஒரு வூட்ல இருக்கறாங்க. அவங்கம்மா ரொம்ப தூரத்துல பொம்மை செய்யற கம்பெனில வேலை செய்யறாங்க. வருசத்துல ஒரே ஒரு வாட்டிதான் வூட்டுக்கு வருவாங்களாம்."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "அப்ப சோறு யாரு ஆக்கறது?"

"தெரியல. நாளைக்குதான் அந்த வரி பாக்கணும்."

மறுநாள் நான் சொல்வதற்கு முன்பே கேட்டாள். "இன்னிக்கு இன்னா சொல்றா அவ?"

அந்தப் பெண் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறாள், சோறும் காயும் சமைக்கிறாள், பிறகு பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொன்னேன்.

"ஸ்கூலுக்குப் போறா இல்ல? நிக்கலயே?"

"நின்னா எப்படிம்மா லெட்டர் எழுதுவா?"

"எத்தினி வயசாம்?"

"பதினாலு."

"ஒன் வயசு" என்றாள். கண் மூடியே இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழப்போனபோது, "தம்பிக்கு எத்தினி வயசுன்னு எழுதியிருக்கறாளா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குச் சீனாவின் மேல் இத்தனை ஆசை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சுற்றுலாத் துறைக்காரர் மாதிரி தினமும் ஒரு சேதி சொன்னேன். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமையில் தம்பியின் துணியைத் துவைக்கிறாள். கணக்கில் அவள்தான் முதல். அவள் ஊரில் குளிர் அதிகம். எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒடம்பு சரியில்லன்னா யாரு பாக்கறது? தாத்தாவால எழுந்து நடக்க முடியுமா? பக்கத்து வூட்டுக்காரங்க நல்லவங்களா? கடிதத்தில் இல்லாததை எல்லாம் கேட்கிறாளே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, கடைசிக்கு முந்தைய வரியில் சிக்கிக்கொண்டேன். 'ஐ மிஸ் மை மதர் வெரி மச்.' இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட 'மிஸ் யூ' என்று சொல்லிவிட்டுப் போகிறது. அன்று எங்கள் பக்கம் யாரும் யாரையும் மிஸ் பண்ணியதில்லை. அகராதியில் 'தவறவிடு' என்று இருந்தது. அம்மாவை நான் மிகவும் தவறவிடுகிறேன். திருப்பித் திருப்பிப் படித்தும் விளங்கவில்லை. டீச்சரைக் கேட்கலாம் என்றால் அவர் அந்த வாரம் முழுக்கப் பரீட்சை வேலையாக அலைந்துகொண்டிருந்தார்.

என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் மாமா மினி பஸ்ஸில் கண்டக்டர். அவளுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரிந்திருந்தது.

"பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க இல்ல, அதான். அவங்கம்மா ஊருக்குப் போறப்ப இவ பஸ் ஸ்டாண்டுக்கு லேட்டா போயிருப்பா. அம்மாவப் பாக்க முடியாம போயிருக்கும்."

எல்லாம் பொருந்திவிட்டது. அன்று சாயங்காலம் அதையே அம்மாவிடம் சொன்னேன்.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "போவும்போது பாக்கவே இல்லயா அவ?"

"பாக்கல. வண்டி போயிருச்சு."

"அழுதாளாமா?"

"அதெல்லாம் எழுதல."

அம்மா கையில் கோடுகோடாய் இருந்த கீறல்களைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அதுவும் நல்லதுதான்" என்றாள். "பாத்துகினு போனா ரெண்டு பேருக்கும் காலு நவராது."

"அவ பஸ்ஸ வுட்டதுக்கு நீ இன்னாத்துக்கும்மா இவ்ளோ யோசிக்கற?"

"சும்மா கேட்டேன்டி."

அந்த வாரம் அம்மா என்னை அடிக்கடி அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள். புளி எவ்வளவு கரைப்பது, அரிசி மூட்டையில் வண்டு விழாமல் எப்படிப் பார்ப்பது, அப்பாவை எழுப்பி உட்கார வைக்கும்போது எந்தப் பக்கம் கை கொடுத்தால் அவருக்கு வலிக்காது என்று ஒவ்வொன்றாய்க் காட்டினாள். பரீட்சை நேரத்தில் இப்படி வேலை வாங்குகிறாளே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு செய்தேன். ஒருமுறை கஞ்சியை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டேன். அவள் திட்டவில்லை. "அடுத்த வாட்டி கிளறிகினே இரு" என்று மட்டும் சொன்னாள். மேஸ்திரி ஒருவர் இரண்டுமுறை வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். கல்வராயன் மலை ஆட்களைக் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போகிறவர் அவர். வருடாவருடம் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆங்கிலம் இரண்டாம் தாள் அன்று காலையில் அம்மா எனக்கு இரட்டைப்பின்னல் போட்டுவிட்டாள். கண் இழுபடுகிற மாதிரி இறுக்கிப் பின்னினாள்.

"வலிக்குதும்மா!"

"ரெண்டு நாளைக்கு அவுராது இரு."

வாசல்வரை வந்து, "நல்லா எழுது" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. மனசுக்குள் கடிதத்தை ஒப்பித்துக்கொண்டே போயிருப்பேன்.

கோடை விடுமுறைக்கு நண்பனை அழைத்துக் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி வந்தது. பச்சை மலைகள் சூழ்ந்த அழகான ஊர் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். கேள்வித்தாளை அம்மாவிடம் காட்டவேண்டும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் குட்டித் தம்பி முகம் கழுவி, பவுடர் போட்டு, ஒரு கிண்ணம் பொரியோடு இருந்தான். ஆணியில் மாட்டியிருக்கும் ஒயர்கூடை இல்லை. அம்மாவின் இரண்டு சேலைகளும் கொடியில் இல்லை.

"அம்மா எங்கப்பா?"

"குடகுக்குப் போயிருக்கறா. காப்பிப் பழம் பறிக்க." அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மேஸ்திரி ஆளுங்களோட பதினோரு மணி வண்டிக்குப் போய்ட்டா. மாசிக் கடைசில வந்துருவா."

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"சொன்னா நீ பரிச்சைக்குப் போவமாட்ட." பிறகு, "பாக்காம போறதுதான் நல்லதுன்னு சொன்னா அவ" என்றார்.

நான் ரோட்டுக்கு ஓடினேன். பதினோரு மணி வண்டி போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் ஓடினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பையன்கள் பின்னால் ஓடிக் கரும்பு உருவிக்கொண்டிருந்தார்கள். என் பின்னாலேயே ஓடிவந்த தம்பி, வழியில் கொட்டிப்போன பொரிக்காக அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இடுப்பில் அவன் இவ்வளவு கனமாக இருப்பான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சோறும் குழம்பும் அம்மா ஆக்கிவைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். சாயங்காலத்துக்கு நான் உலை வைத்தேன்.

மாசிக் கடைசியில் அம்மா வந்தாள். அடுத்த கார்த்திகையில் மறுபடி போனாள். அப்புறம் நாலு வருடம் போனாள். என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. அதை மட்டும் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் டீச்சர் ரஃப் நோட்டுகளை வாங்கித் திருத்தினார். முந்தின நாள் சாயங்காலம் நானும் என்னுடையதை முடித்திருந்தேன். பிழைகளைத் திருத்தச் சொல்லி அந்தப் பெண் கேட்டிருந்தாள் அல்லவா, அதை நான் ஒருத்திதான் பொறுப்பாகச் செய்தேன். நடந்து முடிந்ததை இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 'மிஸ்' என்பது தவறு, 'மிஸ்டு' என்பதே சரி என்று குறித்தேன். 'வெரி மச்' தேவையில்லை என்றும் எழுதினேன். வண்டியை விட்டால் விட்டதுதான், அதில் கொஞ்சம் என்ன, மிகவும் என்ன? கரும்பலகையில் இருந்ததை எல்லாம் எழுதிய பிறகு அடியில் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. அதில் என் சொந்தமாக ஒரு வரி எழுதினேன். 'ஐ ஆல்ஸோ மிஸ்டு மை மதர்.'

பார்த்து எழுதியதிலேயே எல்லோரும் பிழை விட்டிருந்தார்கள். டீச்சரின் பேனா நோட்டுக்கு நோட்டு சிவப்பாய்க் கீறிக்கொண்டே வந்தது. என்னுடையதில் வந்து நின்றது.

"இந்தக் கடைசி வரி யார் சொல்லிக்குடுத்தது?"

"நானேதான் எழுதனன் டீச்சர்."

"அம்மா எங்க?"

"குடகுக்குப் போய்ட்டாங்க டீச்சர். வியாழக்கெழம."

அவர் நோட்டைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். பின்னல் அவிழ்ந்து நானே கட்டிக்கொண்டு வந்திருந்தேன். "காலையில சாப்டியா?" என்று கேட்டார். கடிதத்தைப் பற்றிக் கேட்காமல் இதை ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. வரி தப்போ என்று பயம் வந்துவிட்டது. அவசரமாக விளக்கினேன்.

"பதினோரு மணி வண்டி டீச்சர். பரிச்ச வுட்டதே பன்னண்டே முக்காலுக்கு. நான் ஓடித்தான் போனன். அதுக்குள்ள போயிருச்சு."

அவர் பேனாவை மூடிவிட்டு, நோட்டை என்னிடமே நீட்டினார். நான் திருத்தியிருந்ததையும் அவர் திருத்தவில்லை. வகுப்பிலேயே சிவப்பு மை படாத நோட்டு என்னுடையது மட்டும்தான். எனக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது என்று அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.