எட்டு டீயும் ஒரு வார்த்தையும்

1. நிறுத்து

எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டினேன். பெட்டியை மேலிருந்து பிடித்துத் தூக்கும் ராட்சச வண்டி அது. எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. வாசலில் டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால் கை பரபரக்கும். கீழே நின்று சிக்னல் கொடுப்பவன் ஒரு நொடி தாமதித்தால் வாக்கிடாக்கியிலேயே திட்டுவேன்.

அன்று காலை கீழே நின்றவன் மோசஸ். ராயபுரத்துப் பையன், யார்டுக்கு வந்து ஒரு மாதம்தான். பெட்டியைத் தூக்க ஆரம்பித்ததும் கத்தினான்.

“நிறுத்து ணா! நிறுத்து!”

“உன்னோட பேஜாரா கீதுடா! சும்மா சும்மா நிறுத்தச் சொல்லிகினு!”

திட்டிக்கொண்டே லீவரை விட்டேன். எட்டிப் பார்த்தேன். பெட்டியோடு டிரெய்லரும் எழும்பி, பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் இரண்டு திறக்காமலே இருந்தன. ஓகே வருவதற்கு முன்பே அவசரப்பட்டுத் தூக்கியது நான். வெயிலுக்குப் பயந்து டிரெய்லர் டிரைவர் தன் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மெதுவாக இறக்கினேன். லாக்கைத் திறந்தார்கள். மோசஸுக்குத் தேங்க்ஸ் சொல்லத்தான் வாக்கிடாக்கியை வாய்வரை கொண்டுபோனேன். “சரி, அடுத்தது” என்றுதான் வந்தது.

2. டீ

அதன்பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. திட்டுவதற்குத் தயங்காத வாய், ஒரு தேங்க்ஸ் சொல்ல ஒட்டிக்கொண்டது. கேபினில் தனியாகச் சொல்லிப் பார்ப்பேன், நன்றாகத்தான் வரும். இறங்கி அவன் முன்னால் நின்றால், “டீ சாப்டறியா?” என்பேன். வெட்கக்கேடு.

எட்டாவது நாள் மோசஸ் கிளாஸைக் கையில் வாங்கவில்லை.

“இன்னா ணா, டெய்லி டீ வாங்கிக் குடுத்துகினே கீற? இன்னா மேட்டரு, சொல்லு.”

“அன்னிக்கு நீ கத்தலேன்னா அந்த டிரைவரு போயிருப்பாரு. நான் உன்னைத் திட்டிட்டேன். தேங்க்ஸ்டா.”

அவன் டிரெய்லர் வரிசைப் பக்கம் திரும்பினான்.

“திட்னே. ஆனா நிறுத்துனே இல்ல? எங்க அண்ணனும் டிரெய்லர்தான் ஓட்டினுருந்தான். வேற யார்டுல பெட்டியோட அவன் வண்டியையும் இதே மாதிரி தூக்கிட்டாங்கோ. கீழ இருந்து கத்துனாங்கோ. மேல இருந்தவன் நிறுத்தல ணா.”

மோசஸ் என் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டான்.

“நான்தான் உனுக்கு தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். எப்டி சொல்றதுன்னு தெரில. நீ வேற டெய்லி டீயோட வந்து நின்னுகினு.”

3. சேனல்

அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் இறங்கியதும், வாக்கிடாக்கியில் “தேங்க்ஸ் மோசஸு” என்பேன். “தேங்க்ஸ் ணா” என்று பதில் வரும். “சேனல்ல இன்னாபா கொஞ்சிகினு கீறீங்க?” என்று சூப்பர்வைசர் கத்துவார். நாங்கள் விடவில்லை.

ரிட்டையர் ஆகியும் என் பரபரப்பு அடங்கவில்லை. பஸ் இரண்டு நிமிடம் லேட்டானால் இன்றைக்கும் கால் நிற்காது. இறங்கும்போது டிரைவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நன்றிக்கு ஒத்திகை பார்க்காதீர்கள். அடுத்த பெட்டியைத் தூக்குவதற்குள் சொல்லிவிடுங்கள். எதிரே நிற்பவனும் அதே வார்த்தையை வைத்துக்கொண்டு எட்டு நாளாகத் திண்டாடிக்கொண்டிருக்கலாம்.